டைனமோவும் கடைசிப் பக்கமும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத் தேத்தண்ணிக் கடை. எதிரில் இருந்த தம்பி பத்திரிகைக்கு எழுதத் தொடங்கி ஆறு மாதம்தான். "போன், கொம்பியூட்டர், இடைக்கிடை புத்தகம். இதை வைச்சே காலம் முழுக்க எழுதலாமோ அண்ணை?" என்றார்.

சுஜாதா எழுதினாரே. ரங்கராஜன் என்ற பொறியியலாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கெடுத்தவர். 1965இல் தொடங்கிய 'கணையாழி'யின் கடைசிப் பக்கம், பிறகு ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி', ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்'. கணினியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, அடுத்த பத்தியில் யாரோ ஒரு புதுக் கவிஞரின் புத்தகத்தைக் கையில் தருவார். எனக்கு அவருடைய நாவல்களைவிட அந்தப் பத்திகள்தான் பிடிக்கும்.

ஆனால் அவரைப் போல எழுதப் போனால் நீர் கெட்டீர். அவருடைய வாசகர் தொட்ட சாமான் வேறு, எங்கட சனம் தொட்டது வேறு.

சைக்கிள் டைனமோவை எடும். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் பற்றறி கிடையாது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். உள்ளே காந்தம் சுழலச் சுழல, சுற்றியிருக்கும் கம்பியில் மின்சாரம் ஒருக்கால் இந்தப் பக்கம், மறுக்கால் அந்தப் பக்கம் ஓடும். றேடியோவுக்கு அது சரிவராது; ஒரே திசையில் வரவேண்டும். அதற்குப் பழைய றேடியோவில் கழற்றிய நாலு டயோட். டயோட் என்பது ஒருவழிக் கதவு, அவ்வளவுதான். பிறகு ஒரு கப்பாசிற்றர், ஏற்றஇறக்கத்தை மட்டமாக்க. சுற்றுகிற பெடியன் கை உளைந்து நிறுத்தினால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கிப்போகும். அது எப்போதும் முக்கியமான இடத்தில்தான் நடக்கும். பேச்சு விழுவது பெடியனுக்கு.

இப்போது உம்முடைய போன் சார்ஜரைப் பாரும். அதற்குள்ளும் இந்த வேலை நடக்கிறது. இப்படித் தொடங்கினால் அம்மம்மாவும் வாசிப்பா.

புத்தகமும் அப்படித்தான். இடம்பெயர்ந்தபோது எத்தனை வீட்டில் அலுமாரியோடு விட்டுவிட்டு ஓடினோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகமும் சஞ்சிகையும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஸ்கான் செய்த பக்கம் வெறும் படம். அதில் ஒரு சொல்லைத் தேட, எழுத்தை எழுத்தாக இயந்திரம் அடையாளம் காணவேண்டும் என்பதை விளக்கும். பிறகு அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றும் எழுதும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தம்பி ஏதோ கணக்குப் பார்த்தபடி இருந்தார். "ஏன் அண்ணை நாலு டயோட்? ஒருவழிக் கதவெண்டால் ஒண்டு காணுமே?"

"ஒண்டு போட்டாலும் பாடும். எதிர்த்திசையில வாற மின்சாரம் கதவில முட்டி நிண்டுடும். பெடியன் சுத்தினதில பாதி வீண்."

பேனையை எடுத்தார். நான் இன்னொரு பிளேன்ரீ சொன்னேன்.