ஓடும் பெல்ட்டில் கை வைக்காதீர்கள்

கல் கிரஷர், அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, அனல் மின் நிலையத்தின் நிலக்கரிப் பகுதி என எல்லா இடத்திலும் கன்வேயர் பெல்ட் ஓடுகிறது. அரைக்கிற இயந்திரத்துக்குப் பயப்படுகிறவர்கள்கூட இதற்குப் பயப்படுவதில்லை. ஆனால், உருளையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டவும், அடியில் சிந்தியதை அள்ளவும், ஒரு பக்கம் விலகிய பெல்ட்டைச் சரிசெய்யவும் அதை நிறுத்தாமலே கை நீட்டும்போதுதான் பல கைகள் போகின்றன.

இழுத்துக்கொள்ள நேரமில்லை

பெல்ட்டும் உருளையும் சேரும் இடம்தான் பொறி. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட், நாம் சுதாரிக்கும் அரை நொடியில் 1 மீட்டர் ஓடிவிடும். தோள்வரை உள்ளே போக அது போதும். சட்டைக் கை, துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் மாட்டலாம். தொளதொளத்த கையுறையும் அங்கே பாதுகாப்பல்ல, ஆபத்து.

தோல் கிழியாத காயம்

எலும்பு முறிவும் தோல் உரிவதும் கண்ணுக்குத் தெரியும். தோல் கிழியாமல் நசுங்கிய கைதான் ஏமாற்றும். உள்ளே தசை வீங்கி ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகும், வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டினால் உயிர் போவதுபோல் வலித்தாலோ, கை மரத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அதிகத் தசை நசுங்கியிருந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீர் கறுத்துப் போவது அதற்கு அறிகுறி.

மாட்டிக்கொண்டால்

அவசரக் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்துங்கள், மெயினையும் அணையுங்கள். பெல்ட்டைப் பின்னோக்கி ஓட்டிக் கையை எடுக்கப் பார்க்காதீர்கள், காயம் பெரிதாகும். 108-ஐ அழையுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ்மீது நேரடியாக வைத்தால் திசு கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

சாவி உங்கள் பையில்

சுத்தம் செய்ய இறங்குபவர் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கழற்றிய கம்பி வலையை மறுபடி மாட்டாமல் பெல்ட்டை ஓட்டச் சொல்பவர் முதலாளியே ஆனாலும், அது குற்றம்தான்.

இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர் வேலையில் காயம்பட்டு முடங்கினால், சேர்ந்த முதல் நாளே ஆனாலும், சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.