பிணையச் சேமிப்பகத்தில் தரவுப் பாதுகாப்பு

பிணையச் சேமிப்பகம் என்பது அலுவலகத்தின் உள் வலையமைப்பில் இணைக்கப்பட்டு, பல கணினிகளின் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்துப் பகிர உதவும் கருவி ஆகும். நடைமுறையில் இது 'நாஸ்' எனப்படுகிறது. வன்தட்டுகளும் தனக்கென ஓர் இயங்குதளமும் கொண்டிருப்பதால் இதுவும் ஒரு கணினியே. எனவே கணினிக்கு வரும் பழுது, திருட்டு, தீநிரல் ஆகிய எல்லா ஆபத்துகளும் இதற்கும் உண்டு.

தோல் தொழிற்பகுதியில் இதன் தேவை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, வேலூர் ஆகிய ஊர்களின் தோல் மற்றும் காலணி நிறுவனங்களில் ஷூ பேட்டர்ன் கோப்புகள், ஏற்றுமதி ஆவணங்கள், சம்பளப் பதிவேடுகள், கழிவுநீர் அளவீடுகள் போன்றவை கணினியில் சேர்கின்றன. இவற்றுள் பலவற்றை நெடுங்காலம் காக்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை அது உறுதி செய்தது. இத்தகைய வழக்குகளில் பழைய அளவீடுகள் ஆலைக்கும் சான்று, பாதிக்கப்பட்ட விவசாயிக்கும் சான்று. ஓய்வு பெறும் தொழிலாளி வருங்கால வைப்பு நிதி கோரும்போது பழைய சம்பளப் பதிவேடு தேவைப்படலாம்.

ரெய்டு அமைப்பு

வன்தட்டு பழுதடைவதைச் சமாளிக்க நாஸ் கருவிகளில் 'ரெய்டு' என்ற முறை பயன்படுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இப்பெயரை அறிமுகப்படுத்தினர்.

ரெய்டு 1 முறையில் இரு வட்டுகளில் ஒரே தரவு எழுதப்படும். ரெய்டு 5 முறையில் தரவுடன் ஒரு சரிபார்ப்பு மதிப்பும் பகிர்ந்து எழுதப்படும். தலா 4 டெராபைட் கொண்ட நான்கு வட்டுகளில் 12 டெராபைட் தரவுக்குக் கிடைக்கும்; மீதி 4 டெராபைட் சரிபார்ப்புக்குச் செல்லும். ஒரு வட்டு கெட்டால் மற்ற மூன்றையும் கொண்டு அதன் தரவைக் கணக்கிட்டு மீட்கலாம். மீட்பு முடிவதற்குள் இன்னொரு வட்டும் கெட்டால் தரவு போய்விடும்.

ரெய்டு காப்பு நகல் ஆகாது. ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிப்பு எல்லா வட்டுகளிலும் அதே நொடியில் நிகழும். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றில் பெட்டியே போனால் எல்லா வட்டுகளும் சேர்ந்தே போகும்.

பணயத் தீநிரல்

கோப்புகளை மறையாக்கம் செய்து, திறக்கப் பணம் கேட்கும் தீநிரல் ரான்சம்வேர் எனப்படுகிறது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த கியூநாப் நிறுவன நாஸ் கருவிகளைத் தாக்கி, கருவி ஒன்றுக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் தாக்கப்பட்டன. புறநோயாளிப் பதிவு உள்ளிட்ட பணிகள் பல நாட்கள் கையால் எழுதியே நடந்தன. தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புச் சேவையகத்திலிருந்து தரவு மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே தாக்குதலுக்கு வழிவிட்டது என்றும் கூறப்பட்டது.

3-2-1 விதி

தரவின் 3 பிரதிகள், 2 வகை ஊடகங்களில், அவற்றுள் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது இவ்விதி. நாஸில் உள்ள மூலம், வெளிப்புற வன்தட்டில் ஒரு நகல், மேகச் சேமிப்பில் ஒரு நகல் என இதைச் செயல்படுத்தலாம். வெளிப்புற வன்தட்டை நகலெடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும். இணைப்பிலேயே இருந்தால் தீநிரல் அதையும் எட்டும்.

'வேறு இடம்' என்பதைத் தேர்வதிலும் கவனம் தேவை. ஆம்பூரும் வாணியம்பாடியும் பாலாற்றங்கரை ஊர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. ஒரே ஆற்றங்கரையில், இரு ஊர்களின் தரைத்தளங்களில் வைத்த நகல்கள் ஒரே வெள்ளத்தில் சிக்கக்கூடும்.

பிற நடவடிக்கைகள்

• நாஸின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்காமல், வெளியிலிருந்து விபிஎன் வழியாக மட்டும் அணுகுதல்.
• நிர்வாகிக் கணக்கிற்கு இரட்டைச் சரிபார்ப்பு. ஊழியர்களுக்கு அவரவர் பிரிவின் கோப்புறைக்கு மட்டும் அனுமதி.
• இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பித்தல்.
• மின்தடையின்போது கருவி முறையாக அணைய யுபிஎஸ் இணைத்தல்.
• கோப்புகளின் முந்தைய நிலையைக் காக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதியை இயக்குதல். நிர்வாகிக் கடவுச்சொல் கைப்பற்றப்பட்டால் இவையும் அழிக்கப்படலாம் என்பதால் தனி நகல் கட்டாயம்.

மீட்புச் சோதனை

திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை சில கோப்புகளை நகலிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, அவை சரியாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தாக்குதல் நேர்ந்தால் முதலில் வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, கருவியைத் தனிமைப்படுத்த வேண்டும். நிறுவனங்கள் இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவ்வமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு.