பல்கலைக்கழக வாயிலுக்குரிய புள்ளிகள்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் ஸ்தாபித்த பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலே 1974இல் வளாகமாக உதயமாகி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பரிணமித்த திருநெல்வேலி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினுள் மாணாக்கராகப் பிரவேசிக்க விரும்புவோர்க்குரிய தகைமைகள் யாவை?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒரே அமர்விலே மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையிலே குறைந்தது 30 புள்ளிகளும் பெறுதல் ஆரம்பத் தகைமையாகும். எனினும், அனுமதியை நிர்ணயிப்பது, பெற்ற புள்ளி பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் அளவு விலகியுள்ளது எனக் காட்டும் இசட் புள்ளியே. ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10 எனின், 65 பெற்றவரின் இசட் புள்ளி 1.5 ஆகும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்துச் சராசரி காண்பதனால், கடினமான பாடத்தைக் கற்றவரும் எளிய பாடத்தைக் கற்றவரும் ஒரே அளவுகோலால் மதிக்கப்படுகின்றனர்.

பெரும்பாலான கற்கைநெறிகளில், இடங்களுள் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், எஞ்சிய 5 முல்லைத்தீவு, கிளிநொச்சி முதலிய, கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன.

ஆதலின், விண்ணப்பத்தை நிரப்பும் மாணவர்கள், சென்ற ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை, அதாவது அனுமதி பெற்றோரின் மிகக் குறைந்த இசட் புள்ளிகளை, தத்தம் மாவட்ட நிரலிலே பார்த்து, மனம் நாடும் கற்கைநெறியையே முதலாவது விருப்பமாகக் குறித்து அனுப்புதல் நன்று.