டி.வி.யைச் சுவரில் மாட்டும் முன்பு சுவரைப் பாருங்கள்

இப்போது தோட்டத்தில் பல வீடுகளில் தட்டை டி.வி. வந்துவிட்டது. தீபாவளி முற்பணத்தில் வாங்கியவர்களும் உண்டு. மாதத் தவணைக்கு எடுத்து இன்னும் காசு கட்டுபவர்களும் உண்டு. காம்பரா சிறியது, மேசை போட இடமில்லை. ஆகவே சுவரில் மாட்ட நினைப்பது நியாயந்தான். ஆனால் பிள்ளைகள் பாய் போட்டுப் படுப்பதும் அதே காம்பராவில்தான். டி.வி. விழுந்தால் போவது காசு மட்டுமல்ல.

"ஐயா, இந்த பிராக்கெட் எல்லா டி.வி.க்கும் சரியா வரும்னு கடைக்காரரு சொன்னாரு" என்று பலர் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரியாக வரும் பிராக்கெட் கிடையாது. மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும்.

1. பின்பக்கத் துளைகள்

டி.வி.யின் பின்னால் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளிக்கு 'வெசா' என்ற அளவு உண்டு. ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரைக்கும், குறுக்காகவும் நெடுக்காகவும் பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 10 சென்றிமீற்றர் இருந்தால் பெட்டியில் 100 என்றும், 20 இருந்தால் 200 என்றும் போட்டிருக்கும். 32 அங்குல டி.வி.களில் 100க்கு 100, 200க்கு 100, 200க்கு 200 என்று பலவிதம் உண்டு. அங்குலம் ஒன்றாக இருந்தாலும் துளை ஒன்றாக இருக்காது.

ஸ்குரூவின் நீளத்தையும் பாருங்கள். துளைக்குள் ஓர் ஈர்க்கை மெதுவாக விட்டு ஆழத்தைப் பார்க்கலாம். நீளமான ஸ்குரூவை முறுக்கி இறக்கினால் உள்ளே திரை உடையும். முதலில் கையால் திருகுங்கள். இறுகினால் பலவந்தம் செய்ய வேண்டாம்.

2. பாரம்

டி.வி.யின் பாரம் அதன் பெட்டியிலோ புத்தகத்திலோ இருக்கும். 32 அங்குலம் பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ வரும். பிராக்கெட் தாங்கும் பாரம் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். வெளியே இழுத்துத் திருப்புகிற கை வைத்த பிராக்கெட் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இழுக்க இழுக்க மேல் ஸ்குரூவுக்குப் பாரம் கூடும். சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரண பிராக்கெட்டே நமக்குப் போதும்.

3. சுவர்

இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. பழைய லயங்களில் பல சுவர்கள் கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கி, மேலே பூசியவை. ரோல் பிளக் கல்லில் விழுந்தால் பிடிக்கும், மண்ணில் விழுந்தால் பிடிக்காது. சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. துளைக்கும்போது ஈர மண் கொட்டினாலோ, ட்ரில் சும்மா உள்ளே போனாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பலகை, தகரத் தடுப்புகளில் மாட்டவே கூடாது.

7 பேர்ச் காணியில் கட்டிய புதிய வீடுகளில் சீமெந்துக் கல் சுவர் என்றால், கல் உள்ளே பொள்ளலா என்று மேசன் பாஸிடம் கேளுங்கள். பொள்ளல் கல்லுக்கு வேறு விதமான பிளக் வேண்டும். எந்தச் சுவரானாலும் பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்க வேண்டும்.

சுவிட்சுக்கும் பிளக் பொயின்ட்டுக்கும் நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். உள்ளே வயர் போகலாம். லயத்தில் நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி, அந்தப் பக்கம் வயரோ தட்டோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மழை ஒழுகும் சுவரும், அடுப்புப் புகை படும் சுவரும் வேண்டாம்.

மாட்டிய பின் டி.வி.யை ஏற்றுவதற்கு முன்பாக, பிராக்கெட்டை இரு கையாலும் கீழே இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் ஏற்றாதீர்கள். சுவர் சரியில்லையென்றால் அதில் வெட்கமில்லை. அகலமான, உயரம் குறைந்த மேசையில் வைத்து, மேசையோடு பட்டியால் கட்டிவிடுங்கள். அலுமாரிக்கு மேலே ஏற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தவுடனேயே கரண்ட் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தொடங்கிய பிறகு வயரைத் தொடாதீர்கள். ஆகவே, கை எட்டாத இடத்தில் பிளக் இருக்கும்படி டி.வி.யை மாட்ட வேண்டாம்.