ஐந்து நிமிட மருந்து

அறுவை சிகிச்சைக்கு மயக்க ஊசி போட்டதும் நோயாளியின் மூச்சுப்பாதையில் குழாய் செருகுவார்கள். தொண்டைத் தசைகள் முரண்டு பிடிக்காமலிருக்கப் பல மருத்துவமனைகளில் கொடுக்கப்படுவது சக்ஸினைல்கோலின். ஒரு நிமிடத்தில் உடம்பின் தசைகளெல்லாம் தளர்ந்துவிடும். மூச்சுவிடும் தசைகளும் சேர்த்துத்தான். ஐந்து, பத்து நிமிடங்களில் மருந்தின் வேகம் அடங்கி, மூச்சு தானாகத் திரும்பும்.

சிலருக்கு மட்டும் மணிக்கணக்கில் திரும்பாது.

கோளாறு மருந்தில் இல்லை, ரத்தத்தில். அங்கே பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்றொரு நொதி உண்டு. ஊசியில் ஏறும் மருந்தில் பெரும்பகுதியை, தசையை எட்டுமுன்பே அது சிதைத்துவிடும். நகைக்கடையில் போல இங்கும் சேதாரத்தைச் சேர்த்தே அளவு போடுகிறார்கள். நொதி இல்லாதவருக்குச் சேதாரமே கிடையாது. மருந்து முழுதாகத் தசைக்குப் போய்ச் சேரும். இந்த நொதியின் தரத்தைச் சோதிக்கும் முறையை 1957இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் வெர்னர் காலோ வெளியிட்டார். ஆளுக்கேற்ற மருத்துவம் முளைவிட்ட இடங்களில் அது ஒன்று.

கதையின் அடுத்த கட்டம் கோவையில். ஆரிய வைசிய சமூகத்தில் இந்த நொதிக்குறை அதிகம். பாரதியார் பல்கலைக்கழகத்தில் பூபதியின் குழு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானி அக்ஸானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து அதன் மரபணுக் காரணத்தை 2006இல் வெளியிட்டது. புரதச் சங்கிலியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். ஒரே ஒரு மணி மாறியதில் மாலையே குலைந்துபோகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தவருக்குத்தான் சிக்கல். அவரும் அந்த ஊசி போடும் நாள்வரை ஆரோக்கியமாகவே இருப்பார்.

ஏன் ஒரு சமூகத்தில் மட்டும் இத்தனை? ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் 2017இல் வெளியிட்ட ஆய்வு விடை சொன்னது. இன்றுள்ள முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வைசியர்கள், முற்காலத்தில் வாழ்ந்த சிறு கூட்டத்தின் வழிவந்தவர்கள். அதன்பின் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள். அந்தச் சிறு கூட்டத்தில் இருந்த மாற்றம் இப்படிப் பலருக்கும் பரவி, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் வாய்ப்பு கூடிவிட்டது. அத்தை மகன், மாமன் மகளைத் தவிர்த்தாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. வைசியரை மட்டும் சுட்டுவதும் நியாயமில்லை: ஆராய்ந்த தெற்காசியக் குழுக்களில் 81 இப்படிப்பட்டவையே.

பயப்பட ஒன்றுமில்லை. தெரிந்துவிட்டால் வேறு மருந்து கொடுக்கலாம். தெரியாமல் கொடுத்தாலும் வேகம் அடங்கும்வரை நோயாளியை மயக்கத்திலேயே வைத்து, வென்டிலேட்டரில் காப்பாற்றலாம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவை சிகிச்சைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானதுண்டா? அடுத்த முறை மயக்க மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.