ஒரு மேற்சட்டை, பல பெயர்கள்: ஸ்பானியம் உணர்த்தும் பாடம்

ஸ்பெயின் நாட்டில் மொழி பயின்ற மாணவர் ஒருவர் மெக்சிகோவிற்குச் சென்று, கடையில் ‘சாக்கேத்தா’ வேண்டும் என்று கேட்பதாகக் கொள்வோம். ஸ்பெயினில் மேற்சட்டையைக் குறிக்கும் அச்சொல், மெக்சிகோவின் பேச்சுவழக்கில் அவையல்கிளவியாகவும் வழங்கும். அங்கே கேட்கவேண்டியது ‘சமார்ரா’. அவ்வாறாயின், மாணவர் கற்றது பிழையான சொல்லா?

இடையளவு நீண்ட மேற்சட்டையை ஸ்பெயினில் ‘காசதோரா’ என்பர். அர்ஜென்டினாவில் ‘காம்பேரா’ என்பர். பெருவில் ‘காசாக்கா’ என்பர். சூட் உடையின் மேற்பகுதி ஸ்பெயினில் ‘அமெரிக்கானா’. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் அதுவே ‘சாக்கோ’.

இப்பெயர்கள் காரணமின்றி அமைந்தவையல்ல. ‘சமார்ரா’ என்பதன் மூலம் ஆட்டுத்தோலைச் சுட்டும் பாஸ்கு மொழிச் சொல். ‘காசதோரா’ வேட்டையோடும், ‘காம்பேரா’ நாட்டுப்புறத்தோடும், ‘அமெரிக்கானா’ அமெரிக்காவோடும் தொடர்புடையவை. இம்மூன்றும் பெண்பால் ஈறு பெற்ற அடைமொழி வடிவங்கள். அடைமொழியே ஆடைக்குப் பெயராயிற்று. ‘காஞ்சிபுரம் உடுத்தாள்’ என்னுமிடத்து ஊர்ப்பெயர் சேலைக்கு ஆகிவருவதை இடவாகுபெயர் என நாம் கற்பிக்கிறோம். ‘அமெரிக்கானா’வையும் அதனோடு ஒப்பிட்டு விளக்கலாம்.

கடன்சொற்களும் சென்ற இடந்தோறும் பொருள் மாறுகின்றன. ஆங்கிலத்தின் ‘ஜம்பர்’ பெருவில் ‘சோம்பா’ ஆகிக் கம்பளிச் சட்டையைக் குறித்தது. குவாத்தமாலாவில் ‘சும்பா’ ஆகி மேற்சட்டையைக் குறித்தது. ‘ஜாக்கெட்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழகத்தில் இரவிக்கையைக் குறிப்பதும் இவ்வகையினதே.

இத்தனை வேறுபாடுகளை ஸ்பானிய மொழியினர் எவ்வாறு எதிர்கொண்டனர்? 1713இல் தோன்றிய ஸ்பெயின் அரச மொழிக்கழகத்தோடு, பல நாட்டு மொழிக்கழகங்களும் இணைந்த கூட்டமைப்பு 1951இல் உருவாயிற்று. அக்கூட்டமைப்பு 2010இல் அமெரிக்க நாட்டு வழக்குகளுக்கெனத் தனி அகராதியொன்றை வெளியிட்டது. ஒரு சொல் எந்நாட்டில் வழங்குகிறது என்பதை அது குறித்துக்காட்டுகிறது; ஒரு நாட்டின் வழக்கை அளவுகோலாகக் கொண்டு ஏனையவற்றைப் பிழையென ஒதுக்கவில்லை.

இங்கு நம் வகுப்பறையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நம் மாணவர் ‘சப்பாத்து’ என்றெழுதினால், தமிழக நூல்களில் அச்சொல் அரிதென்பதால் சிவப்பு மையால் அடிக்கத் தோன்றலாம். அது போர்த்துகீசியத்தின் ‘சப்பாத்து’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியத்தின் ‘சபாத்தோ’விற்கு உறவானது. இலங்கைத் தமிழிலும் அது வழங்குகிறது. அதனை அடிப்பதற்கு மாறாக, அருகில் ‘காலணி’ என எழுதி, இரண்டும் எங்கெங்கு வழங்கும் என்பதை ஆசிரியர் விளக்கினால், மாணவர் இரு சொற்களைப் பெறுவர். தம் வீட்டில் பேசும் தமிழ் குறையுடையது என்ற எண்ணமும் அவர்களிடம் எழாது.

நம் மாணவர் கேட்ட ‘சாக்கேத்தா’வும் பிழையன்று; இடமறிந்து வழங்கப்படாத சொல், அவ்வளவே. சொல்லோடு அது வழங்கும் இடத்தையும் சேர்த்துக் கற்பிப்பதே மொழியாசிரியர் கடமை என்பது எம் துணிபு.