இணையச் சந்தையும் உரிமைப் பிராதும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் எம் தாய்மாமன் ஒருவர் இருக்கின்றார். மோட்டார் சைக்கிள் இருக்கைகளுக்கு உறை தைத்து விற்பது அவர் தொழில். காக்களூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்து பெற்ற கைப்பழக்கமே முதல், தையற்பொறிகள் இரண்டு, விற்பனை முழுவதும் இணையச் சந்தை வழியே. சென்ற கோடை விடுமுறையில் யாம் அங்குத் தங்கியிருந்தபோது, ஒரு நாட்காலை அவருடைய சரக்குப் பக்கம் மறைந்துபோயிற்று. பிறர் அறிவுசார் சொத்துரிமையை மீறியதாகப் பிராது வந்ததாம். அது தீருமளவும் விற்பனை இல்லையாம். “என்னைத் திருடன் என்றல்லவா எழுதிவிட்டார்கள்!” என்று மாமா இடிந்துபோய் உட்கார்ந்தார். இத்தகைய பிராது எத்தன்மைத்து, அதற்கு விடையிறுக்கும் முறை யாது என்று அவர்பொருட்டு யாம் படித்தறிந்ததை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிராது வேறு, தீர்ப்பு வேறு. சந்தை நடத்துவோர் இருபுறமும் விசாரித்தபின் சரக்கை நீக்குகின்றார் என்று எண்ணுவது பிழை. பிறர் இடும் செய்திக்கு அவர்கள் பொறுப்பாகாவண்ணம் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79ஆம் பிரிவு, காக்கின்றது. ஆயின் அக்காப்பு விழிப்போடு நடப்பார்க்கே உரியது. கிறிஸ்டியன் லூபுடான் என்னும் பிரெஞ்சுக் காலணி வணிகரின் வழக்கில், விற்பனையில் தாமே கைகலக்கும் சந்தைகளுக்கு இக்காப்பு எளிதிற் கிட்டாது என்று டில்லி உயர்நீதிமன்றம் 2018இல் கூறிற்று. ஆதலின் அவர்கள் முதலில் நீக்குகின்றனர், பின்னரே கேட்கின்றனர்.

எவ்வுரிமை மீறப்பட்டது என்பதையே விற்பவர் முதலிற் காண வேண்டும். வணிகச் சின்னம், பதிப்புரிமை, வடிவமைப்பு, காப்புரிமை ஆகிய நான்கிற்கும் விடை வெவ்வேறு. போலிச் சரக்கு என்பது பிராதாயின், கொள்முதல் ரசீதே விடை. சின்னத்தின் பதிவெண் தரப்பட்டிருப்பின், அதனைப் பதிவகத்தின் இணையப் பக்கத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

மாமாவின்மேல் வந்த பிராது இரண்டு குற்றங்களைச் சொல்லிற்று. வண்டியின் பெயரைத் தலைப்பில் எழுதியது ஒன்று. வண்டி செய்வோரின் படத்தை இட்டது மற்றொன்று. பெயரைப் பற்றி அவர் அஞ்ச வேண்டுவதில்லை என்பது எம் கருத்து. துணைப்பொருள் எதற்குப் பொருந்தும் என்று காட்டுதற்கு வேண்டுமளவு பிறர் சின்னத்தைச் சொல்லுதல், 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், 30ஆம் பிரிவின்படி குற்றமன்று. அவரோடு தொழில் தொடர்பு உண்டு என்ற தோற்றம் மட்டும் எழலாகாது. டொயோட்டா நிறுவனம் டில்லியின் பிரியஸ் ஆட்டோ இண்டஸ்ட்ரீஸ்மீது 2009இல் தொடுத்த வழக்கை இங்கு நினைக்கலாம். ‘பிரியஸ்’ என்ற பெயரைப் பற்றிய பூசல் 2017இல் உச்சநீதிமன்றம் வரை சென்று டொயோட்டாவுக்குத் தோல்வியாய் முடிந்தது. எமக்குப் பயன்படுவதோ டில்லியில் இடையில் வந்த ஆணை: ‘அசல்’ என்னாது, சின்னத்தின் எழுத்து வடிவையும் பின்பற்றாது, இன்ன வண்டிக்கு உதவும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது.

படத்தைப் பற்றியதோ உண்மைக் குற்றமே. “வலையிற் கிடந்தது, எடுத்தேன்” என்றார் மாமா. தெருவிற் கிடந்த குடையை எடுத்தவரும் இதையே சொல்வார். படம் எடுத்தவருடைய பதிப்புரிமை அதில் உறைகின்றது.

ஆதலின் விடையில் இரண்டையும் பிரித்தெழுதினோம். படத்தை நீக்கியதை ஒப்புக்கொண்டோம். தலைப்பை ‘இன்ன வண்டிக்குப் பொருந்தும் உறை, எம் சொந்தத் தயாரிப்பு’ என மாற்றினோம். துணி வாங்கிய ரசீதுகளையும் இணைத்தோம். ஆதாரமின்றி வழக்கு மிரட்டல் விடுப்பார்மீது விற்பவரே நீதிமன்றம் செல்லச் சின்னச் சட்டம் 142ஆம் பிரிவும், பதிப்புரிமைச் சட்டம் 60ஆம் பிரிவும் வழி தருகின்றன. இரண்டு தையற்பொறி உடையார்க்கு அவ்வழி நெடிது. எமக்கு அது வேண்டியதுமில்லை.

பதினோராம் நாள் பக்கம் மீண்டது. அதற்குள் வாடிக்கையாளர் பலர் வேறிடம் சென்றுவிட்டனர். புதிய படம், பக்கத்து வீட்டார் வண்டியில் உறையை மாட்டி, வாசலில் நிறுத்தி, யாமே எடுத்தது.